திறக்கலாமா என்று மட்டும் கேட்டார்கள்

தனியார் பள்ளிகளுக்குப் பெற்றோரைக் கலந்தாலோசித்து எதையும் செய்யும் வழக்கம் கிடையாது. கட்டணத்தைக் கூட்டும்போது கேட்பதில்லை. ஆண்டின் நடுவில் கணக்கு ஆசிரியர் மாறினால் ஏன் என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட நிர்வாகம், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020-இன் கடைசியில் ஒரு நாள், "நேரடி வகுப்புகளைத் தொடங்குவது குறித்துத் தங்கள் மேலான கருத்தை அறிய விரும்புகிறோம்" என்று படிவம் அனுப்பியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கிளம்பியது சந்தேகம்தான். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை. அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. பிள்ளையை அனுப்புவது முழுக்க முழுக்க எங்கள் விருப்பம், தொற்று ஏற்பட்டால் அதற்குப் பள்ளி எவ்விதத்திலும் பொறுப்பாகாது, கையெழுத்திடுக.

மேலான கருத்தைக் கேட்பதற்கான காரணம் அந்தப் பொடி எழுத்தில் இருந்தது. முடிவை எங்கள் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஜூமில் ஒரு கூட்டம் நடந்தது. இப்போது நினைத்தாலும் அதை முழுமையாகக் கேலி செய்ய மனம் வரவில்லை. சத்தம் இருந்தது, மைக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சல் இருந்தது, நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் விசில். ஆனால் பேசியவர்களில் பொய் சொன்னவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது.

"ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம் சார். பையனை லேப்டாப் முன்னாடி உக்கார வச்சுட்டு நான் என் மீட்டிங்ல உக்காந்தா, அவன் கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேம் ஆடுறான். இது படிப்பா சார்?"

"எங்க வீட்ல மாமியாருக்கு டயாலிசிஸ் நடக்குது. இவ ஸ்கூல் போயிட்டு வந்தா அவங்களை நான் எங்க தள்ளி வைக்கிறது? வீடே ரெண்டு ரூம்தான்."

ஒரு டாக்டர் அப்பா, குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விடுகிறது என்றார். உடனே ஒரு டாக்டர் அம்மா, தொற்று வந்து போன சில வாரங்களுக்குப் பிறகு உடல் முழுக்க அழற்சியோடு சேர்க்கப்படும் குழந்தைகளைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டும் உண்மை. முதலாமவர் பெரும்பான்மையைப் பற்றிப் பேசினார், இரண்டாமவர் தன் வார்டில் படுத்திருந்த பிள்ளையைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கோ, எந்த டாக்டர் நம் பக்கம் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒன்று புலப்பட்டது. ஒவ்வொருவரும் கிருமியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தத்தம் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எத்தனை அறை, எத்தனை சம்பளம், எத்தனை வயதானவர்கள், பிள்ளை ஒற்றையா இல்லை கூட விளையாட உடன்பிறப்பு உண்டா என்பவைதான் ஒருவரது கருத்தைத் தீர்மானித்தன. கையில் இருந்த செய்திக் கட்டுரை அதற்கான சான்றிதழ் மட்டும்.

கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. திறக்கச் சொன்னவர்கள் டென்மார்க்கைக் கொண்டு வந்தார்கள். 2020 ஏப்ரல் 15 அன்றே அங்கே மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை திறந்துவிட்டார்கள், அதனால் தொற்று எகிறிவிடவில்லை. திறக்காதே என்றவர்கள் இஸ்ரேலைக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பள்ளிகளை முழுமையாகத் திறந்த சில நாட்களில் ஜெருசலேமின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று. இரண்டு தரப்பும் தலைப்போடு நின்றுவிட்டது. உள்ளே போய்ப் படித்திருந்தால் இரண்டு செய்திகளும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்வது தெரிந்திருக்கும். டென்மார்க்கில் திறந்தது சின்னப் பிள்ளைகளுக்கு. வகுப்பைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், ஒரு குழு இன்னொன்றோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள், முடிந்த பாடத்தையெல்லாம் வெளியே கொண்டுபோனார்கள். ஜெருசலேமில் ஒரு வகுப்பறையில் முப்பத்தைந்துக்கு மேல் பதின்ம வயதுப் பிள்ளைகள். அந்த வாரம் கடும் வெயில் அலை. முகக்கவசம் வேண்டாம் என்று விலக்கு அளித்தார்கள், ஏசி ஓடியது. பள்ளியைத் திறந்த விஷயத்தில் இரண்டு நாடுகளும் ஒன்று. திறந்த விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எங்கள் கூட்டத்தில் அந்த "விதம்" பேச்சுக்கு வரவே நெடுநேரமாயிற்று. ஆமா, இல்லையா என்று படிவம் கேட்டது, நாங்களும் ஆமா, இல்லையா என்றே அடித்துக்கொண்டோம். கேள்வியைத் தயாரித்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. "பெற்றோரிடையே ஒருமித்த கருத்து இல்லை, எனவே விருப்பமுள்ளவர்கள் அனுப்பலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன் தொடரும்" என்று தாளாளர் கூட்டத்தை முடித்தபோது இரண்டு தரப்புமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்தார்கள்.

"விருப்பமுள்ளவர்கள் அனுப்பலாம்" என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இருபது பேர் ஒரே அறையில் இழுத்து விடுகிற மூச்சில் தனிநபர் விருப்பத்துக்கு இடம் குறைவு. என் பிள்ளைக்கு மாஸ்க் போட்டு அனுப்புவது என் விருப்பம் என்றால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அப்பா காய்ச்சலை மறைத்து அனுப்புவதும் அவர் விருப்பமாகிவிடும். பள்ளியின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைத்தான் அவர்கள் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள், எங்களை மதிப்பதுபோல.

தனியார் பள்ளி என்பதால் இதில் காசும் உண்டு. யாரும் நேராகச் சொல்லாத பாதி இது. ஆன்லைனுக்கு ஏன் முழுக் கட்டணம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேனே ஓடாதபோது வேன் கட்டணம் எதற்கு, நூலகத்தின் நிழல் கூடப் படாத பிள்ளைக்கு நூலகக் கட்டணம் எதற்கு? நியாயமான கேள்விகள். மறுபக்கம் பள்ளிக்கு வாடகையோ கடன் தவணையோ நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை வெட்டியிருந்தார்கள். ஆயாம்மாக்களையும் வேன் ஓட்டுநர்களையும் "கூப்பிடும்போது வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்துப் பள்ளி முதலில் திறந்துவிட்டால் சேர்க்கை அங்கே போய்விடும் என்ற பயமும் இருந்தது. நேரடி வகுப்பு தொடங்கினால் முழுக் கட்டணத்தைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பேசியிருந்தால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியிருக்கும். "பிள்ளைகளின் மனநலம் கருதி" என்று ஆரம்பித்தார்கள். மனநலம் பொய்யான காரணம் இல்லை, ஆனால் அது தனியாக வரவில்லை.

அரசுப் பள்ளி மூடியிருக்கும்போது தனியார் பள்ளி திறக்கலாமா என்பது பல இடங்களில் பெரிய சண்டையாகவே ஆயிற்று. அமெரிக்காவின் மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுண்டியின் சுகாதார அதிகாரி 2020 ஜூலை 31 அன்று, தனியார் பள்ளிகளும் அக்டோபர் வரை திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மாநில ஆளுநர் லாரி ஹோகன் அது செல்லாது என்றார். அதிகாரி வேறு சட்டப் பிரிவைக் காட்டித் திரும்பவும் உத்தரவு போட்டார். பெற்றோரில் சிலர் நீதிமன்றம் போனார்கள். ஒரு வாரத்துக்குள் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. திறக்கும் உரிமை யாருக்கு என்று அத்தனை பேர் மோதினார்கள். ஆனால் அந்த உத்தரவில் ஒரு நியாயம் புதைந்திருந்தது. இடமும் பணமும் உள்ள பள்ளி, வகுப்புக்குப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துத் திறக்க முடியும். இடமில்லாத பள்ளிப் பிள்ளை வீட்டிலேயே கிடக்கும்.

கிடந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நெதர்லாந்திலிருந்து பின்னால் ஓர் ஆய்வு வந்தது. அங்கே பள்ளி மூடியிருந்தது எட்டு வாரம்தான். வீட்டுக்கு வீடு நல்ல இணைய வசதி உண்டு. அப்படியிருந்தும் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்குக் கற்றல் போயிருந்தது. மூடியிருந்த காலமும் அவ்வளவுதான். அதாவது வீட்டிலிருந்து படித்ததில் ஏறக்குறைய எதுவும் ஏறவில்லை. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு அறுபது சதவீதம் வரை கூடுதல். ஆன்லைன் வகுப்பே போதும் என்று கூட்டத்தில் அடித்துப் பேசியவர்கள் எல்லாரும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரமும் படிப்பும் உள்ளவர்கள் என்பதை அப்போது நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

நான் எந்தப் பக்கம்? திறக்க வேண்டும் என்ற பக்கம். ஆனால் அவர்கள் திறந்த வரிசையில் அல்ல. பெரிய வகுப்புகள் முதலில் என்றார்கள், பொதுத் தேர்வு இருக்கிறதல்லவா! அந்தக் காலகட்டத்துக் கிருமி பத்து வயதுக்குக் கீழே குறைவாகவும் பதின்ம வயதில் பெரியவர்களைப் போலவும் பரவியது என்பது அன்றைக்கே ஓரளவு தெரிந்த விஷயம். பதினாறு வயதுப் பையன் திரையைப் பார்த்தும் ஓரளவு படித்துவிடுவான். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அதன் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க ஒரு கண் வேண்டும். என் மகள் அந்த வயது. "மிஸ், எனக்குக் கேக்கல" என்று அவள் சொல்வதே வகுப்பில் யாருக்கும் கேட்காது, ஏனென்றால் எல்லாரையும் மியூட்டில் போட்டிருப்பார்கள். சின்னவர்களை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் பள்ளியின் விளம்பரப் பலகையில் ஏறும், எழுத்துக் கூட்டிப் படிப்பது ஏறாது.

அந்தக் கூட்டத்தில் பேசாதவர்கள் ஒரு கூட்டம் உண்டு. ஆசிரியர்கள். அத்தனை பேரும் இணைந்திருந்தார்கள், வரிசையாகப் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களாக. "எங்கள் ஆசிரியர்கள் அனைவரும் தயாராக இருக்கிறார்கள்" என்று முதல்வர் சொன்னபோதும் எந்தக் கட்டமும் அசையவில்லை. பெற்றோரிலும் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு பாடச் சந்தேகத்துக்காக வகுப்பாசிரியைக்குப் போன் செய்தேன். பேச்சு முடிந்தும் அவர் வைக்கவில்லை.

"நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லவா சார்? அனுப்புறதுன்னா எல்லாரும் அனுப்புங்க, இல்லைன்னா யாரும் அனுப்பாதீங்க. பாதிப் பேர் முன்னாடி, பாதிப் பேர் லேப்டாப்ல. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கத்தணும், அதே நேரம் திரையில இருக்கிறவங்களுக்கு போர்டு தெரியணும். எனக்கு சுகர் இருக்கு. நான் சொன்னதா வெளிய போக வேண்டாம்."

வெளியே போகவில்லை. அடையாளம் தெரியாதபடி இப்போதுதான் எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்ற வாதத்தில் குழந்தை மட்டுமே இருந்தது. வகுப்பறையில் ஐம்பது வயதில் ஒருவர் நின்றுகொண்டிருப்பது விட்டுப்போயிற்று. ஸ்வீடனில் 2020 வசந்த காலத்தில் தற்செயலாக ஒரு சோதனை போன்ற நிலை உண்டானது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களின் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின, அதற்குக் கீழே எல்லாம் திறந்தே இருந்தன. பிறகு ஆராய்ந்தபோது, திறந்திருந்த வகுப்புகளின் பெற்றோருக்குக் கூடுதல் தொற்று கொஞ்சம்தான். ஆனால் அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு, ஆன்லைனில் நடத்திய மேல்வகுப்பு ஆசிரியர்களைவிடத் தொற்று இரண்டு மடங்கு. இந்த ஆய்வு எங்கள் கூட்டத்துக்குப் பிறகு வந்ததுதான். ஆனால் நின்றுகொண்டு உரக்கப் பேசுகிறவருக்கு ஆபத்து அதிகம் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. நாம் கட்டணம் கட்டுகிறவர்கள், அவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் என்ற ஒரு கணக்கு எங்கள் எல்லாருக்குள்ளும் ஓடியது. தனியார் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தே இந்தக் கணக்கு பழகிவிடுகிறது.

கூட்டத்தின் கடைசியில், பாதிப் பேர் வெளியேறியபின், ஒரு அம்மா கையுயர்த்தினார். அதுவரை பேசாதவர். "கிளாஸ் ரூம்ல ஜன்னல் திறக்குமா சார்?" என்று கேட்டார். தாளாளருக்குக் கேள்வியே புரியவில்லை. வாசலில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், மூலைக்கு மூலை சானிடைசர், மாலையில் பெஞ்சுகளுக்கு மருந்துத் தெளிப்பு என்று ஏற்கனவே சொன்ன பட்டியலை மறுபடி வாசித்தார். அந்த அம்மா விடவில்லை. "இல்ல சார், ஜன்னல். ஏசி ரூம்ல கண்ணாடியை நிரந்தரமா மூடி வச்சிருக்கீங்களே, அது திறக்குமா?"

திறக்காது. ஏசி வகுப்பறை என்பது அந்தப் பள்ளியின் பெருமை. அதற்கென்று கூடுதலாகவே கட்டி வந்தோம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துக் குளிர்வித்துச் சுழற்றுகிறது. ஒரு பிள்ளை விட்ட மூச்சை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. கட்டணம் குறைந்த பள்ளிகளின் மின்விசிறி அறைகள், மூடாத ஜன்னல், கதவே இல்லாத வாசல் எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் எங்கள் பள்ளியைவிட மேல்.

காற்றை யாரும் நினைக்காததற்கு எங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்தக் கிருமி காற்றிலும் மிதந்து பரவுகிறது, அதைக் கணக்கில் எடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தை நோக்கிப் பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் உலகம் முழுக்க மேசையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். துடைப்பது கண்ணுக்குத் தெரியும், படம் பிடித்துக் குழுவில் போடலாம். காற்றோட்டத்தைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் அளக்கலாம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சம் பங்கு. அடைத்த அறையில் பிள்ளைகள் நிறைந்திருந்தால் சீக்கிரமே ஆயிரத்தைத் தாண்டும். அந்த எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை அதிகமாக இழுக்கிறோம் என்று பொருள். 2021 ஆகஸ்டில் இங்கிலாந்து தன் பள்ளிகளுக்கு மூன்று லட்சம் அளவிடும் கருவிகள் தருவதாக அறிவித்தது. அதற்குள் இரண்டு கல்வியாண்டுகள் குலைந்திருந்தன.

இது ஒன்றும் புதிய ஞானம் இல்லை. 1904-இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி நடத்தினார்கள். காசநோய்க் காலத்தில் அந்த யோசனை பல நாடுகளுக்குப் போனது. 1918 இன்ஃபுளூயன்சாவில் பெரும்பாலான அமெரிக்க நகரங்கள் பள்ளிகளை மூடியபோது நியூயார்க் மூடவில்லை. அதன் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் சொன்ன காரணம், நெரிசல் குடியிருப்பு வீட்டைவிட வெளிச்சமும் காற்றும் உள்ள பள்ளிக் கட்டடம் பிள்ளைக்கு மேல், அங்கே தினமும் பரிசோதிக்க ஆட்களும் உண்டு என்பது. அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அவர் முதலில் கட்டடத்தைப் பார்த்தார்.

ஜன்னல் ஒன்றே காப்பாற்றிவிடும் என்று எழுதினால் அதுவும் இன்னொரு வாட்ஸ்அப் வைத்தியமாகிவிடும். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஓர் ஆரம்பப் பள்ளி. ஜன்னலும் கதவும் திறந்திருந்தன, காற்று வடிகட்டும் கருவி ஓடியது, மேசைகள் ஆறடி தள்ளி இருந்தன, பிள்ளைகள் மாஸ்க் போட்டிருந்தார்கள். தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் வேலைக்கு வந்தார், கதை வாசித்துக் காட்டும்போது மாஸ்க்கைக் கழற்றினார். வகுப்பின் 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. முன் இரண்டு வரிசையில் 10 பேருக்கு 8 பேர், பின் வரிசைகளில் 14 பேருக்கு 4 பேர். இதைப் படித்ததும் எல்லாரும் அந்த ஆசிரியரைத் திட்டினார்கள். எனக்குத் தோன்றியது வேறு: லீவு கேட்டால் முகம் சுளிக்கிற, சம்பளத்தைப் பிடிக்கிற பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள் ஜலதோஷம்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்! சம்பளத்தோடு விடுப்பு என்பது காற்றோட்டத்துக்கு எந்த வகையிலும் குறையாத பாதுகாப்பு. எங்கள் படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

அந்த அம்மாவின் கேள்வி குழுவில் தொடர்ந்தது. அவருக்குப் பின்னால் நானும் சேர்ந்தேன், டயாலிசிஸ் வீட்டுக்காரர் சேர்ந்தார், முழுதாகத் திறக்கச் சொல்லி அதிகம் சத்தம் போட்ட அப்பாவும் சேர்ந்தார். திறப்பதா வேண்டாமா என்பதில் ஒருவரையொருவர் பார்க்கப் பிடிக்காத அளவுக்குப் போயிருந்த ஆட்கள், கண்ணாடியைக் கழற்றுவதில் உடனே ஒன்றாகிவிட்டோம். பொறுப்பாகாது என்ற பொடி எழுத்தைக் கடைசிவரை எடுக்க வைக்க முடியவில்லை. பாதி முன்னாடி, பாதி லேப்டாப் என்ற ஏற்பாட்டையும் மாற்ற முடியவில்லை. அதில் அந்த ஆசிரியை மாதக்கணக்கில் தொண்டை கட்டக் கத்தினார். பெரிய வகுப்புகள்தான் முதலில் போயின. ஆனால் ஆட்களை வைத்துக் கண்ணாடிகளைக் கழற்றி, திறந்து மூடும் ஜன்னல்களாக மாற்றினார்கள். செலவு யாருடையது என்று ஒரு வாரம் இழுபறி, அது தனிக் கதை.

சில வாரங்களில் முதல் புகார் வந்தது. ரோட்டுச் சத்தத்தில் பாடம் கேட்கவில்லையாம், புழுதி வருகிறதாம், ஏசிக்குக் கட்டிய பணம் என்ன ஆயிற்றாம். எழுதியவர் ஆன்லைனே போதும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்தவர். மனம் மாறி மகனை அப்போதுதான் அனுப்பத் தொடங்கியிருந்தார். பணத்தைப் பற்றி நிர்வாகத்தைக் கேளுங்கள், சத்தமாக இருந்தால் மகனை முன் பெஞ்சுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஜன்னலை மட்டும் மூடச் சொல்லாதீர்கள் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் குறி ஒன்று வந்தது. முன் பெஞ்ச் வேண்டாம், ஆசிரியருக்கு ரொம்பப் பக்கம் என்று கீழே எழுதியிருந்தார்.